ஆள் உயர மெழுகுவர்த்தி

செத்தவரின் உடைமைகள் என்று ஆஸ்பத்திரி கொடுத்த பொலித்தீன் பையில் ஒரு சேலை, ஒரு ரவிக்கை, ஒரு கம்பளித் தொப்பி, ஒரு சோடி ரப்பர் செருப்பு, ஒரு நூல் உருண்டை ஆகியவை இருந்தன.

மரியரட்ணம் நூல் உருண்டையை மட்டும் மேசையில் எடுத்து வைத்தார். மற்றவற்றை, உடுத்தியவர் திரும்பி வந்து கேட்பார் என்பது போல ஒழுங்காக மடித்துப் பைக்குள் வைத்தார்.

“கத்தி வரும், துப்பாக்கி வரும்னு நெனச்சுத்தான் சேர் உங்ககிட்ட வேலைக்குச் சேர்ந்தேன்,” என்றாள் பிரியந்தி. “இதுவரைக்கும் வந்தது களவு போன ஒரு ஆடு, ரெண்டு கள்ளக் காணி உறுதி. இப்ப ஒரு நூலு.”

“ஆடு கிடைச்சதில்ல?”

“கிடைச்சது. கறியா.”

மரியரட்ணம் பொலிசில் சப் இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். காலைப் பூசை காணாமல் எந்த வேலையையும் தொடங்கமாட்டார். நுவரெலியா பஸ் நிலையத்துக்குப் பின்னால், ஒரு பேக்கரியின் மாடியில் அவருடைய சின்ன அலுவலகம் இருந்தது. பிரியந்திக்கு நாற்பது வயது. சொந்த ஓட்டோ, இரண்டு பிள்ளைகள், ஓயாத வாய். அவருக்கு உதவியாளராக இருப்பது, அவளே சொல்வது போல, வாய்க்குக் கொடுத்த வேலை.

வழக்கு இதுதான். அம்மாக்கண்ணு, வயது எழுபத்து நான்கு. கந்தப்பளைக்கு மேலே ஒரு தோட்டத்தில் நாற்பது வருடம் கொழுந்து பறித்தவர். நெஞ்சுச்சளி முற்றி மூச்சு விட முடியாமல் போனபோது, கொழும்பில் ஹார்ட்வெயார் கடை வைத்திருக்கும் மகன் சுதாகரன் அவரை நுவரெலியாவில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் சேர்க்கப் போனிலேயே ஏற்பாடு செய்தார். தொண்டைக்குள் குழாய் இறக்கி மூச்சு யந்திரத்தில் வைத்தார்கள். மூன்றாம் நாள் பின்னேரம் கரண்ட் போனது. யந்திரத்தின் பேட்டரியும் கைவிட்டது. ஜெனரேட்டர் உயிர் பெறும் வரை நான்கு நிமிடம், ஜீவராணி என்ற இளம் தாதி ரப்பர் பை ஒன்றைக் கையால் அழுத்தி மூச்சுக் கொடுத்தாள். ஒரு மணி நேரத்துக்குள் கிழவியின் வலது நுரையீரல் கிழிந்து, காற்று நெஞ்சுக்கூட்டுக்குள் நிறைந்திருப்பதைக் கண்டார்கள். மறுநாள் விடியுமுன் அம்மாக்கண்ணு இறந்துபோனார்.

ஆஸ்பத்திரி அறிக்கை ஒரே வரிதான்: தாதி பையை அளவுக்கு மீறி அழுத்தியதால் நுரையீரல் கிழிந்தது.

சுதாகரன் பொலிசில் முறைப்பாடு எழுதிக் கொடுத்துவிட்டார். நாளைக் காலை பத்து மணிக்கு விசாரணை. ஜீவராணிக்கு வேலை போகும், ரிமாண்டும் வரலாம். அவளுக்கு எதிராக அசைக்க முடியாத சாட்சி ஒன்று வேண்டும் என்றுதான் சுதாகரன் மரியரட்ணத்தை அமர்த்தியிருந்தார்.

மரியரட்ணம் நூலைப் பிரித்தார். ஒரு முனையில் இரட்டை முடிச்சு. நூல் நீண்டுகொண்டே போய் இன்னொரு இடத்தில் ஒற்றை முடிச்சு. அதற்கு அப்பால் இருந்த வால் மட்டும் விறைத்திருந்தது. அதை மூக்கருகே கொண்டுபோனார். மெழுகு மணத்தது.

“டேப்பை எடு.”

பிரியந்தி அளந்தாள். “முடிச்சுக்கு முடிச்சு நாலடி எட்டு அங்குலம். எவளோ பூக்கட்டக் கொண்டாந்து மறந்துட்டுப் போயிருப்பா.”

“தீவிர சிகிச்சைப் பிரிவுக்குள்ள ஒரு ரோசாப்பூவக் கொண்டுபோக விடமாட்டாங்க. யார் போய் பூக்கட்டுறது?” அவர் நூலை மறுபடி சுற்றத் தொடங்கினார். “சாவு வீட்டுக்கு நீ போனியே. என்ன பார்த்த?”

பிரியந்தியின் அக்கா வாழ்க்கைப்பட்டிருந்தது அதே தோட்டத்தில்தான். இந்த வழக்கு வருமுன்னே, அக்காவுக்காக அந்தச் சாவுக்குப் போய் வந்திருந்தாள்.

“நல்ல சாவு சேர். பெட்டி ஆறடி, பளபளன்னு மினுங்குது. தோட்டத்துல அப்பிடி ஒரு பெட்டி வந்ததே இல்லன்னாங்க. ஆனா அந்தம்மா பாவம், உள்ள முக்கால்வாசிதான். காலடியில ரெண்டு தலகாணி வச்சு அடைச்சிருந்தாங்க. நோயில எளைச்சுட்டாங்கன்னு எல்லாரும் அழுதாங்க.”

மரியரட்ணத்தின் கை நின்றது.

“எளைச்சா ஆளோட அகலம் குறையும் பிரியந்தி. நீளமும் குறையுமா?”

அவள் வாயைத் திறந்து, பிறகு மூடினாள். அபூர்வமான காட்சி.

அவர் மேசை லாச்சியிலிருந்து ஆஸ்பத்திரிக் குறிப்பின் பிரதியை எடுத்தார். நான்கு நாட்களாகப் புரட்டிப் புரட்டி அதன் ஓரங்கள் நைந்திருந்தன. வயது, எடை, உயரம் என்ற மூன்று கட்டங்களில் மூன்றாவதன் மேல் விரலை வைத்தார். அதில் நூற்றி எழுபது சென்ரிமீற்றர் என்று இருந்தது.

“இன்னைக்கு என்ன கிழமை?”

“செவ்வாய்.”

“அப்ப அந்தோனியார் கோயிலுக்கு விடு. நவநாள் செபத்துக்கு நேரமாச்சு.”

“நான் விபூதி பூசிட்டு வந்திருக்கேன் சேர்.”

“அவர் கோவிச்சுக்கமாட்டார். காணாமப் போனதக் கண்டுபிடிச்சுக் குடுக்கிறவர். நம்ம தொழில்தான் அவருக்கும்.”

* * *

கந்தப்பளை வீதியில் தேயிலைச் சரிவுகள் பாதி மூடுபனிக்குள் கிடந்தன. கோயில் ஒரு சிறிய மேட்டில், சவுக்கு மரங்களுக்கு நடுவே இருந்தது. நவநாள் செபம் முடிந்து சனம் கலைந்துகொண்டிருந்தது. பாதிப் பேருக்கு நெற்றியில் பொட்டு இருந்தது. வேண்டுதல் என்று வந்துவிட்டால் மலைநாட்டில் யாரும் எந்தக் கோயில் என்று கேட்பதில்லை.

மரியரட்ணம் அந்தோனியார் சுரூபத்துக்குப் பக்கத்திலிருந்த சுவர் மூலைக்குப் போனார். அங்கே ஐந்தாறு நெட்டை மெழுகுவர்த்திகள் சாத்தியிருந்தன. சில இடுப்பளவு, சில நெஞ்சளவு. எதுவுமே ஏற்றப்படாதவை.

“ஆருக்காவது கடுமையான நோய்னா, தலையிலருந்து பாதம் வரைக்கும் நூலால அளப்பாங்க,” என்றார் தாழ்ந்த குரலில். “அந்த அளவுக்குக் குழாய்ல மெழுகு ஊத்தி வாங்கி இங்க வைப்பாங்க. ஆள் பிழைச்சு, தானே நடந்து வந்து ஏத்தணும். அதுவரைக்கும் நூலு நோயாளிட தலகாணிக்கு அடியில இருக்கும்.”

“பிழைக்கலன்னா?”

“ஏத்தாமலே நிக்கும்.”

அவர் நூலைப் பிரித்து ஒவ்வொரு மெழுகுவர்த்தியாகப் பிடித்துப் பார்த்தார். மூன்றாவதில் இரண்டு முடிச்சுகளும் அடியிலும் நுனியிலும் சரியாக உட்கார்ந்தன. அதன் நடுவில் சின்னக் காகிதத் துண்டு ஒட்டியிருந்தது: கட்டில் நாலு, அம்மாக்கண்ணு.

“அத எடுக்காதீங்க ஐயா.”

பின்னால் ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண் தலையில் முக்காடிட்டு நின்றாள். பாதத்தில் ஆஸ்பத்திரிச் சிற்றூழியர்கள் போடும் வெள்ளைச் சப்பாத்து. கூட்டித் துடைத்துக் கட்டில் விரிக்கும் கைகள் வெடித்திருந்தன.

“உங்க பேர் என்ன தங்கச்சி?”

“பெற்றீசியா.” அவள் நூலைப் பார்த்துவிட்டாள். “அது எப்பிடி உங்க கையில...”

“அந்தம்மாட உடுப்போட சுத்தி மகன்கிட்டக் குடுத்துட்டாங்க. தெரிஞ்சிருந்தா குப்பையில போட்டிருப்பாங்க.”

“எனக்குத் தெரியாது ஐயா. நான் எதுவும் அளக்கல.”

“நாங்க அளந்தீங்களான்னு கேக்கவே இல்லையே அக்கா,” என்றாள் பிரியந்தி.

பெற்றீசியா வாசலைப் பார்த்தாள். மரியரட்ணம் பிரியந்தியைக் கண்ணால் அடக்கிவிட்டு, நூலைப் பெற்றீசியாவின் உள்ளங்கையில் வைத்தார். மிரட்டினால் வாய் திறக்கும், நெஞ்சு திறக்காது என்பதை முப்பது வருட பொலிஸ் வேலையில் அவர் கற்றிருந்தார்.

“இது உங்களோடது. வேணும்னா எடுத்திட்டுப் போங்க. ஆனா ஜீவராணிய நாளைக்குக் கொண்டுபோறாங்க. அந்தப் பிள்ளைக்காக ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. இது அந்தம்மாட உயரம்தானா?”

பெற்றீசியா நூலை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

“தலையிலருந்து குதி வரைக்கும் ஐயா. முழங்கால் மடங்கியிருந்துச்சு. ஜீவராணி மிஸ்தான் நீட்டிப் பிடிச்சா. ‘கெதியா அளங்க அக்கா, பெரிய டொக்டர் வந்தா என்னையும் தொலைச்சிருவார்’னு சொன்னா. மகன் கொழும்புக்கும் இங்கயுமா அலையுறார். பக்கத்துல இருந்து வேண்டிக்க ஒருத்தரும் இல்ல. அதான் நாங்க ரெண்டு பேரும்...”

“கரண்ட் போனப்ப அங்க நின்னீங்களா?”

“போன் வெளிச்சத்தப் பிடிச்சதே நான்தான். அந்தப் பிள்ளை பைய முழுசா அழுத்தவே இல்ல. பாதிதான். குழந்தைக்குப் பால் புகட்டுற மாதிரி, மொகத்தப் பார்த்துப் பார்த்து. ‘உள்ள இறுக்கமா இருக்கு அக்கா, கூடப் போகாது’னு சொல்லிச் சொல்லி அழுத்தினா.” அவள் கண்ணைத் துடைத்தாள். “கத்துனது மெஷின்தான் ஐயா. கரண்ட் போறதுக்கு ரெண்டு நாளைக்கு முந்தியே கீ கீன்னு கத்த ஆரம்பிச்சிருச்சு. அது கத்தும், யாராவது வந்து அமத்துவாங்க. மறுபடி கத்தும்.”

“ஜீவராணி சொல்லலையா?”

“சொன்னா. ‘கெழவி இருமுறா, அதுக்குத்தான் கத்துது, உன் வேலையப் பாரு’ன்னாங்க.”

“அங்க ஆள அளக்க டேப் இல்லையா?”

“இருக்கு. மேசை லாச்சியில. கவர்கூடப் பிரிக்கல.”

* * *

கோயில் படியில் உட்கார்ந்து மரியரட்ணம் கண்டிக்குப் போன் எடுத்தார். நிதுஷன் அங்கே இதே மூச்சு யந்திரங்களோடு வேலை செய்யும் டொக்டர். ஒருகாலத்தில் மரியரட்ணத்தின் மறைக்கல்வி வகுப்பில் கடைசி வாங்கில் உட்கார்ந்து தூங்கியவர்.

“டொக்டர், மெஷின்ல ஒரு மூச்சுக்கு இவ்வளவு காத்துன்னு எதப் பார்த்து வைப்பீங்க?”

“ஆளோட உயரத்தப் பார்த்து.”

“எடையப் பார்க்கமாட்டீங்களா?”

“எடை ஏறும், எறங்கும் சேர். நுரையீரல் அதோட சேர்ந்து ஏறி எறங்காது. ஆள் வளர்ந்த அளவுதான் அது. குள்ளமான ஆளுக்குச் சின்ன நுரையீரல். அதுக்குள்ள நெட்டை ஆளோட மூச்சத் தள்ளினா, ஒவ்வொரு தடவையும் இழுபட்டு இழுபட்டுக் காயமாகும். வயசான ஆள்னா இன்னும் மோசம். பழைய துணி மாதிரி. கிழியிற வரைக்கும் தாங்குற மாதிரியே இருக்கும்.”

“நாலடி எட்டங்குலப் பொம்பளைக்கு எவ்வளவு?”

நிதுஷன் மனக்கணக்குப் போட்டார். “இருநூத்தி இருபது மில்லி. மிஞ்சினா இருநூத்தி எண்பது.”

“நானூத்தித் தொண்ணூறு வச்சிருந்தா?”

“அது நல்ல உயரமான பொம்பளையோட மூச்சு. எத்தனை மணி நேரம் வச்சிருந்தாங்க?”

“மூணு நாள். மெஷின் ரெண்டு நாளாக் கத்தியிருக்கு, கடைசியில கரண்ட் போய் நாலு நிமிஷம் தாதி கையால அழுத்தியிருக்கா.”

நிதுஷனின் குரல் இறங்கியது.

“சேர், கோர்ட்டுல நூத்துக்கு நூறுன்னு நான் சொல்லமாட்டேன். நோயே நுரையீரலக் கெடுத்திருக்கும். ஆனா தராசுல நாலு நிமிஷம் ஒரு தட்டு, மூணு நாள் ஒரு தட்டு. நீங்களே பாருங்க. கையால அழுத்தினா உள்ள இறுகுறது கைக்குத் தெரியும். மெஷினுக்கு நாம சொன்ன நம்பர் மட்டும்தான் தெரியும். கத்தினப்ப யாராவது கேட்டிருக்கணும்.”

போனை வைத்துவிட்டு மரியரட்ணம் குறிப்பின் பிரதியைப் பிரியந்தியிடம் நீட்டினார். மூன்று நாட்களும் நானூற்றித் தொண்ணூறு. நுரையீரல் கிழிந்த பின்னேரத்துக்குப் பிறகு இருநூற்று முப்பது.

“நம்பர மாத்தியிருக்காங்க சேர்.”

“மேல பாரு. உயரத்த மாத்தல. நூத்தி எழுபது அப்பிடியே இருக்கு. கிழிஞ்ச பிறகுதான் யாரோ ஒருத்தர் நின்னு அந்தம்மாவப் பார்த்திருக்கிறார். மூச்சத் திருத்தினவருக்கு, ஏன் திருத்தினேன்னு எழுத மனசு வரல.”

“எழுதினா அவர் தலை உருளும்.”

“எழுதாததால ஒரு சின்னப் பிள்ளையோட தலை உருளுது.”

பிரியந்தி சவுக்கு மரங்களைப் பார்த்தபடி நின்றாள். “அது சரி சேர். நாலடி எட்டங்குல ஆள நூத்தி எழுபது சென்ரிமீற்றர்னு எழுதினது எவன்? கண்ணு தெரியாதவனா?”

“ஆளையே பார்க்காதவன்,” என்றார் மரியரட்ணம். “அல்லது, கீழ இருந்து மட்டும் பார்த்தவன்.”

பெற்றீசியாவின் சம்மதத்தோடு மெழுகுவர்த்தியைப் பொலித்தீனில் சுற்றி ஓட்டோவில் ஏற்றினார்கள். அதன் நுனி ஒரு பக்கம் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

“பொலிஸ் நிப்பாட்டினா பின்னுக்கு ரெண்டு பேர்னு சொல்லவா சேர்?” என்று கேட்டாள் பிரியந்தி. பிறகு தான் சொன்னது தனக்கே உறைத்தது போல, ஓட்டோவைக் கிளப்பி மலை ஏறினாள்.

* * *

லயம் ஒரு நீளமான பழைய கட்டிடம். பத்துக் காம்பராக்கள், பத்து வாசல்கள். ஆறாவது அம்மாக்கண்ணுவுடையது. கருமாதி முடியும் வரை சுதாகரன் அங்கேதான் தங்கியிருந்தார். நாற்பத்து நான்கு வயது, சவரம் செய்யாத முகம், விலை கூடிய கைக்கடிகாரம். வெளியே கதிரை போட்டு உட்கார்ந்து, மறுநாள் விசாரணைக்கான முறைப்பாட்டுப் பிரதியை மடியில் வைத்திருந்தார். பக்கத்துக் காம்பரா அழகம்மா, கேட்காமலே எல்லோருக்கும் தேத்தண்ணி கொண்டு வந்தாள். அவளுக்கும் எழுபது தாண்டியிருக்கும்.

“சாட்சி கிடைச்சதா சேர்?”

“கிடைச்சிருக்கு தம்பி. ஒரு சின்ன விபரம் மட்டும் பாக்கி. அம்மா எவ்வளவு உயரம்?”

“அஞ்சடி ஏழு அங்குலம்.” யோசிக்காமல் வந்தது பதில். அதில் ஒரு பெருமையும் இருந்தது.

“அளந்து பார்த்தீங்களா?”

“எதுக்கு அளக்கணும்? இந்த வாசலப் பாருங்க. அஞ்சரையடி. இருபது வருசமா கதவும் நிலையும் விக்கிறேன், கண்ணாலயே சொல்லுவேன். எங்கம்மா இதுக்குள்ள நிமிர்ந்து வந்து நான் பார்த்ததே இல்ல. எப்பவும் குனிஞ்சுதான் வருவாங்க. அப்ப அதுக்கு மேல ஒரு அங்குலமாவது இருக்கணுமே. இந்த மலையில அந்த உயரத்துல பொம்பளைங்க கொறவு சேர்.”

பிரியந்தி போனில் கணக்குப் பார்த்தாள். “நூத்தி எழுபது,” என்றாள் மெல்ல.

“நீங்க எத்தன வயசுல தோட்டத்த விட்டுப் போனீங்க?” என்று கேட்டார் மரியரட்ணம்.

“பதிமூணு. கொழும்புல கடையில நிக்கப் போனேன். தீபாவளிக்கு வருவேன், ரெண்டு நாள். அம்மா அடுப்படியிலயே குந்தியிருப்பாங்க. பிறகு பிறகு முதுகும் வளைஞ்சிருச்சு. இல்லன்னா என்னைவிட உயரம்.”

“இந்த உயரத்த வேற யாருக்காவது சொன்னீங்களா?”

“ஆருக்குச் சொல்றது? சேர்த்த அன்னைக்கு ஆஸ்பத்திரியிலருந்து போன் எடுத்தாங்க. நான் கொழும்புலருந்து வந்துக்கிட்டு இருக்கேன், கினிகத்தேனைக்கிட்ட. வயசு கேட்டாங்க. சீனி வருத்தம் இருக்கான்னு கேட்டாங்க. எடை, உயரம்...”

சுதாகரன் நிறுத்தினார். எல்லோரும் தன்னைப் பார்க்கும் விதத்தை அப்போதுதான் கவனித்தார்.

“ஏன் சேர்? அதுக்கென்ன?”

மரியரட்ணம் ஓட்டோவிலிருந்து மெழுகுவர்த்தியை எடுத்து வந்தார். பொலித்தீனை உரித்து, ஆறாவது காம்பராவின் வாசற்படியில் நட்டுக்குத்தாக நிறுத்தினார். காகிதத்திலிருந்த பெயரை சுதாகரன் வாசித்தார். மெழுகுவர்த்தியின் நுனிக்கும் மேல் நிலைக்கும் நடுவே ஒரு சாணுக்கு மேல் வெற்றிடம் இருந்தது. அதன் வழியே உள்ளே எரிந்துகொண்டிருந்த குத்துவிளக்கு தெரிந்தது.

“இது உங்க அம்மாட உயரம், தம்பி. தலையிலருந்து குதி வரைக்கும் அளந்து வார்த்தது. அளந்தது ஒரு அட்டெண்டன் அக்கா. காலை நீட்டிப் பிடிச்சது ஜீவராணி.”

மூச்சு எப்படி அளந்து வைக்கப்படுகிறது என்பதையும், அந்த மூன்று நாட்களையும் அவர் சுருக்கமாகச் சொன்னார். எதையும் கூட்டவில்லை, குறைக்கவும் இல்லை. சுதாகரன் மெழுகுவர்த்தியைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

“பொய்,” என்றார் கடைசியில். “அப்ப அம்மா ஏன் குனிஞ்சாங்க? இவ்வளவு எடம் இருக்கே. ஏன் குனியணும்?”

மரியரட்ணம் மேல் நிலையைத் தடவிப் பார்த்தார். மரத்தின் கீழ் விளிம்பு முழுவதும் கீறல் கீறலாகத் தேய்ந்து வெளுத்திருந்தது.

பதில் சொன்னவள் அழகம்மா.

“வெறகுக் கட்டுப்பா,” என்றாள், வெற்றுக் கோப்பைகளைப் பொறுக்கிக்கொண்டே. “மலை விட்டு வாரப்ப தலையில கட்டோடதான வருவா. கட்டு நெலையில இடிக்காம குனிவா. தெனம் குனிஞ்சு குனிஞ்சு ஒடம்புக்குப் பழகிருச்சு. தலையில ஒண்ணும் இல்லாதப்பவும் குனிவா. ‘ஒனக்கு எதுக்குடி குனிப்பு, நீ என் காதுக்குத்தான வருவ’ன்னு நாங்க சிரிப்போம். அவளும் சிரிப்பா.”

லயத்தின் கடைசிக் காம்பராவில் ஒரு வானொலி பாடிக்கொண்டிருந்தது.

சுதாகரன் வாசலுக்கு வந்து மெழுகுவர்த்திக்கு முன்னால் நின்றார். அதன் நுனி அவருடைய நெஞ்சுக்கு மேலே, தோளுக்குக் கீழே நின்றது. கையை உயர்த்தி, யாரோ ஒருவருடைய தலையில் வைப்பது போல அதன் நுனியில் வைத்தார்.

“நான்தான் சேர் கொன்னுட்டேன்.”

“இல்ல தம்பி. பதிமூணு வயசுல பிரிஞ்சுபோன பிள்ளைக்கு அம்மா உயரமாத்தான் தெரிவாங்க. அதுல பாவம் இல்ல. நீங்க வழியில நின்னுக்கிட்டு ஒரு நெனவச் சொன்னீங்க. கட்டில் பக்கத்துல நின்னவங்க அத அளவுன்னு எழுதிட்டாங்க. லாச்சியில டேப் இருந்துச்சு. மெஷின் ரெண்டு நாள் கத்துச்சு. பதில் சொல்ல வேண்டியவங்க அவங்கதான்.”

சுதாகரன் தரையைப் பார்த்தபடி கேட்டார்.

“அந்தப் போன்ல நான் சொன்னது எங்கயாவது எழுதியிருக்கா?”

“இல்ல. உயரம் மட்டும்தான் இருக்கு. யார் சொன்னதுன்னு இல்ல.”

“அப்ப நான் சொல்லலன்னா யாருக்கும் தெரியாது.”

“தெரியாது. நாங்க மெழுகுவர்த்தியோட போய் நிப்போம். எவளோ நூலால அளந்தாளாம்னு அவங்க சிரிப்பாங்க. ஆஸ்பத்திரியில நாங்களே அளந்து எழுதினதுன்னு சாதிப்பாங்க. அப்பிடி இல்ல, போன்ல கேட்டு எழுதினதுன்னு சொல்லக்கூடியவர் நீங்க ஒருத்தர்தான். சொன்னா, நாளைக்கு இந்தத் தோட்டம் பூரா உங்களப் பேசும். சொல்லலன்னா ஜீவராணி உள்ள போவா.” மரியரட்ணம் வாசலை விட்டு விலகினார். “நீங்க அசைக்க முடியாத சாட்சி வேணும்னு கேட்டீங்க தம்பி. தேடினதுல கிடைச்சது நீங்கதான்.”

அவர் அதற்கு மேல் வற்புறுத்தவில்லை. மனச்சாட்சிக்கும் மனிதனுக்கும் நடுவே மூன்றாம் ஆள் வெகுநேரம் நிற்கக்கூடாது என்று அவர் நம்பினார். பிரியந்தியோடு ஓட்டோவை நோக்கி நடந்தார்.

“தங்கச்சி,” என்று சுதாகரன் கூப்பிட்டது பிரியந்தியை. “பேனா இருக்கா?”

அவள் காதில் செருகியிருந்ததை எடுத்துக் கொடுத்தாள். “ஓட்டோவுல எண்ணெய்க் கணக்கு எழுதுறது. கொஞ்சம் இழுக்கும், உதறிட்டு எழுதுங்க அண்ணே.”

சுதாகரன் வாசற்படியிலேயே, மெழுகுவர்த்திக்குப் பக்கத்தில் குந்தினார். முறைப்பாட்டுப் பிரதியின் பின்பக்கத்தைத் திருப்பித் தொடையில் வைத்துக்கொண்டார்.

“பெட்டி ஆறடி வேணும்னு மலர்ச்சாலைக்காரன்கிட்ட நான்தான் அடிச்சுச் சொன்னேன்,” என்றார், யாரையும் பார்க்காமல். “தலகாணி வச்சப்பவே எனக்குத் தெரிஞ்சிருக்கணும்.”

பேனாவை உதறினார். முதல் வரியை மெதுவாக, பள்ளிக்கூடத்துப் பிள்ளையின் உருட்டெழுத்தில் எழுதினார்.

என் தாயார் அம்மாக்கண்ணுவின் உயரம் நாலடி எட்டு அங்குலம்.

அடுத்த வரிக்குப் பேனா வெகுநேரம் நகரவில்லை. பிறகு நகர்ந்தது.